மூன்று பவுனும் ஒரு போஸ்டரும்

சாத்தூர் பிளெக்ஸ் கடையில் எனக்கு முன்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஒருவருக்குக் காதணி விழா பேனர், இன்னொருவருக்குக் கண்ணீர் அஞ்சலி. மூன்றாவதாக என் பென்டிரைவ். திரையில் அதைத் திறந்த பையன் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "ஆள் போட்டோ எங்கக்கா?" என்று கேட்டான். ஆள் போட்டோ இல்லை. நான்கு வரைபடங்கள், ஒரு படிகத்தின் அமைப்பு, இரண்டு சமன்பாடுகள், அவ்வளவுதான். சைஸ் கேட்டான். 84க்கு 119 சென்டிமீட்டர் என்றேன். "அடில சொல்லுங்க." "மூணுக்கு நாலு." அடித்து, சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டுக் கையில் கொடுத்தான்.

அந்தச் சுருளோடுதான் 2019 ஜனவரியில் முதல்முறையாக விமானம் ஏறினேன். போன ஊர் இத்தாலியின் வடகிழக்கு மூலையில், ஏட்ரியாட்டிக் கடலோரத்தில் இருக்கும் ட்ரியஸ்டே. திடப்பொருள்களின் பண்புகளைக் கணினியில் கணக்கிடுகிற இயற்பியலாளர்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஜனவரிக் குளிரில் அங்கே கூடுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் போஸ்டர் வைக்க எனக்கு இடம் கிடைத்திருந்தது.

முனைவர் பட்ட ஆய்வில் எனக்கு அது நான்காம் ஆண்டு. மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றில், ஓர் ஆராய்ச்சித் திட்டத்தின் கீழ் மாதம் 14,000 ரூபாய் உதவித்தொகை. அது மாதாமாதம் வராது. வரும்போது ஏழெட்டு மாதத்துக்குச் சேர்த்து வரும். தங்குமிடமும் சாப்பாடும் தருவதாகக் கருத்தரங்கு நடத்துகிறவர்கள் எழுதியிருந்தார்கள். விமானக் கட்டணத்தைத்தான் நான் பார்த்துக்கொள்ள வேண்டும். அதற்கும் ஒரு நிதியமைப்பிடமிருந்து ஒப்புதல் கடிதம் வந்துவிட்டது. துறையில் எல்லாரிடமும் அந்தக் கடிதத்தைக் காட்டினேன். கைடு சார் வாங்கி, இரண்டாம் பக்கத்தைத் திருப்பி, ஒரு வரியில் விரலை வைத்தார். பயணம் முடித்து வந்து, ரசீதுகளையும் போர்டிங் பாஸையும் சமர்ப்பித்த பின்பே தொகை வழங்கப்படும் என்று இருந்தது.

டிக்கெட் 52,000 ரூபாய். அப்பாவின் மளிகைக் கடையில் அந்த மாதம் சரக்குக்கே இழுபறி. அம்மா மூன்று பவுன் சங்கிலியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். "கழுத்துல கெடக்குறது கடையில கெடக்கப் போகுது, அவ்வளவுதான தாயி" என்றார். அடகுக் கடையில் 54,000 கொடுத்தார்கள். நூற்றுக்கு ஒன்றரை வட்டி. மாதம் 810 ரூபாய்.

நான் எழுத வந்தது அந்த இரண்டாம் பக்கத்தைப் பற்றி. ஆராய்ச்சி மாணவர்களின் முதல் வெளிநாட்டுப் பயணத்தைப் பெருமையோடு பேசுகிறோம். சால்வை போடுகிறோம், உள்ளூர்ப் பதிப்பில் படம் வருகிறது. அந்தப் பயணத்துக்கான காசை முதலில் எடுத்துவைத்தது யார் என்று யாரும் கேட்பதில்லை.

அப்பாவின் பெயரோடு ஒரு வாரம்

காகிதங்களிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பயணமும் அங்கேதான் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயரின் முதல் எழுத்து, அப்புறம் நம் பெயர், கணக்கு முடிந்தது. பாஸ்போர்ட் படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம் இருக்கிறது. அதில் அப்பா பெயரை முழுதாக எழுதினேன். பல்கலைக்கழகச் சான்றிதழ்களிலோ இனிஷியல் மட்டும். அழைப்புக் கடிதமும் இனிஷியலோடு வந்துவிட்டது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கப் புதிய அழைப்புக் கடிதம், பதிவாளரின் தடையில்லாச் சான்று, அதற்கு ஒரு திருத்தம் என்று மூன்று வாரம் போனது. என்னிடம் வரும் மாணவர்களுக்கு இப்போது நான் முதலில் சொல்லும் அறிவுரை இதுதான்: ஆய்வுத் தலைப்பை முடிவு செய்வதற்கு முன்பே பாஸ்போர்ட் எடுங்கள். முதல் ஆய்வுக் கட்டுரையில் எந்தப் பெயர் அச்சாகிறதோ அதே பெயர் பாஸ்போர்ட்டிலும் இருக்கட்டும்.

விசா விண்ணப்ப மையத்துக்கு ஒரு கோப்பு நிறையத் தாள்களோடு போனேன். ஆறு மாத வங்கிக் கணக்கு, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு, போகவர டிக்கெட் முன்பதிவு, அப்பாவின் வருமானவரித் தாள். கவுன்டரில் இருந்தவர் வங்கிக் கணக்கைப் புரட்டி ஒரு வரியில் நிறுத்தினார். ஐந்து மாதம் காலியாகக் கிடந்த கணக்கில் திடீரென்று ஒரு லட்சத்துக்குப் பக்கத்தில் வந்திருக்கிறதே, இது யார் பணம்? தேங்கிக் கிடந்து ஒரே நாளில் வந்த என் உதவித்தொகைதான் அது. தாமதம் எங்கோ நடந்தது, சந்தேகம் என் மேல் விழுந்தது. துறைத் தலைவரிடம் விளக்கக் கடிதம் வாங்கி மறுபடி சென்னைக்கு ரயில் ஏறினேன்.

அங்கே நான் விசாக் கட்டணமும் கட்டினேன். அப்போது 60 யூரோ. 2020இல் அது 80 ஆனது, 2024 ஜூனில் 90 ஆனது. ஐரோப்பிய ஒன்றியத்தின் விசா விதித்தொகுப்பில் 16ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. ஆராய்ச்சிக்காகவோ அறிவியல் கருத்தரங்கில் கலந்துகொள்ளவோ செல்லும் ஆராய்ச்சியாளர்களிடம் ஷெங்கன் விசாக் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்கிறது அது. எனக்கு அது தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை. இப்போது மாணவர்களின் கோப்பில் முதல் தாளாக அந்தப் பிரிவை அச்செடுத்து வைத்துவிடுகிறேன். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி, அதைக் கட்டித்தான் ஆக வேண்டும்.

இந்தச் சிரமம் நமக்கு மட்டுமானதல்ல. 2022இல் கனடாவின் மாண்ட்ரியலில் சர்வதேச எய்ட்ஸ் மாநாடு நடந்தது. அந்த நோயால் அதிகம் பாதிக்கப்பட்ட ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வர வேண்டிய பலர் விசா கிடைக்காமல் ஊரிலேயே இருந்துவிட்டார்கள். யாருக்காகக் கூடினார்களோ அவர்களில் பலர் இல்லாமலே மாநாடு நடந்தது.

கருத்தரங்கில் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டை தந்தார்கள். அதில் குடும்பப் பெயர் பெரிதாக இருந்தது, என் பெயர் அதன் கீழே சிறியதாக. ஒரு வாரம் முழுக்க எல்லாரும் என்னை அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். முதல் நாள் திருத்தப் பார்த்தேன், இரண்டாம் நாள் விட்டுவிட்டேன். சென்னையைத் தாண்டி எங்கும் போகாத மனுஷனின் பெயரை ஜப்பானியரும் அர்ஜென்டினாக்காரரும் வாய் நிறையச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

லாகூரில் ஒரு தனிமை

வெனிஸில் இறங்கி மெஸ்த்ரே நிலையத்தில் ரயில் பிடித்தால் ட்ரியஸ்டே ஏறத்தாழ இரண்டு மணி நேரம். மொன்ஃபால்கோனே தாண்டியதும் வலப்பக்கம் திடீரென்று கீழே கடல் திறந்துகொள்கிறது. மத்தியதரைக் கடலின் ஒரு கை அது. அந்த நீலத்தைப் பார்த்ததும் ராமன் நினைவுக்கு வந்தார். 1921இல் சி.வி.ராமன் முதல்முறையாக வெளிநாடு போனதும் ஒரு கூட்டத்துக்காகத்தான், ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த பல்கலைக்கழகங்களின் மாநாட்டுக்கு. அப்போது அவருக்கு வயது 32. கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பு என்று அதுவரை சொல்லிவந்ததை, கப்பல் தளத்தில் நின்று ஒரு நிகல் பட்டகத்தை வைத்துக்கொண்டு சோதித்தார். மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியைத் தடுத்த பிறகும் நீலம் போகவில்லை. திரும்பி வந்த கப்பல் பம்பாயில் நின்றபோதே 'நேச்சர்' இதழுக்குக் குறிப்பு எழுதிவிட்டார். ஏழு ஆண்டுகளில் அந்த வழி ராமன் விளைவில் கொண்டுவந்து விட்டது.

ரயில் நிலையத்திலிருந்து ஆறாம் எண் பஸ். கடலையொட்டிய சாலை, வெள்ளைக் கல்லில் மிராமாரே கோட்டை, அதன் பின்னால் மரங்களுக்கு நடுவே சர்வதேசக் கோட்பாட்டு இயற்பியல் மையம். ஐ.சி.டி.பி. என்றால் நம் ஊர் இயற்பியல் மாணவர்களுக்குத் தெரியும். பாகிஸ்தானியரான அப்துஸ் சலாம், ட்ரியஸ்டேக்காரரான பாவ்லோ பூதினிச்சோடு சேர்ந்து 1964இல் தொடங்கியது. சலாமுக்கு 1979இல் நோபல் பரிசு கிடைத்தது. 1997 முதல் மையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இப்படி ஓர் இடம் ஏன் வேண்டும் என்று சலாமுக்குத் தோன்றிய கதையை ஒவ்வொரு பல்கலைக்கழகத் துணைவேந்தரும் தெரிந்துகொள்ள வேண்டும். கேம்பிரிட்ஜில் படித்து முடித்து 1951இல் ஊர் திரும்பி, லாகூர் அரசுக் கல்லூரியில் பேராசிரியரானார். பேசக் கூட்டாளி இல்லை, புதிய ஆய்விதழ்கள் இல்லை. அந்த நாட்களில் உல்ஃப்காங் பாவ்லி பம்பாய்க்கு வந்தார். குவாண்டம் இயற்பியலின் பெருந்தலைகளில் ஒருவர். சலாமை வரச் சொல்லித் தந்தி அடித்தார். சலாம் கிளம்பிப் போய்ச் சில நாட்கள் பேசிவிட்டு வந்தார். திரும்பியபோது அனுமதியில்லாமல் கல்லூரியை விட்டுப் போனதற்காக நடவடிக்கை காத்திருந்தது. அந்த நாட்களைச் சம்பளமில்லா விடுப்பாக்கித்தான் விவகாரத்தை முடித்தார்கள். 1954இல் அவர் மீண்டும் கேம்பிரிட்ஜுக்கே போய்விட்டார். சொந்த நாடு, ஆராய்ச்சி இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்ற நிலை வேறு யாருக்கும் வரக் கூடாது என்று அவர் நினைத்தார். ஊரிலேயே வேலை பார்த்துக்கொண்டு, அவ்வப்போது வந்து சில வாரம் தங்கி, பேசி, படித்துப் போக ஓர் இடம் வேண்டும். அந்த நினைப்புதான் ட்ரியஸ்டேயில் கட்டடமாக நிற்கிறது. உலகெங்கிலுமிருந்து அங்கே வந்துபோனவர்களின் எண்ணிக்கை எப்போதோ ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டது.

தடையில்லாச் சான்றுக்காக மூன்று வாரம் அலைந்த பிறகு அந்த வாசலில் நின்றேன். சலாம் நமக்குத் தூரத்து ஆளாகத் தெரியவில்லை.

கைப்பக்குவம்

என் ஆராய்ச்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெப்பத்தை மின்சாரமாக மாற்றக்கூடிய ஒரு சேர்மத்தை ஆராய்ந்தேன். சோதனைச்சாலையில் அதைச் செய்து பார்க்க எங்களிடம் கருவி கிடையாது. கணினிக்குள் அணுக்களை அடுக்கி, குவாண்டம் விதிகளின்படி அவை எப்படி நடந்துகொள்ளும் என்று கணக்கிடுவேன். அதற்கான வழியை வால்டர் கோன் 1964, 1965ஆம் ஆண்டுகளில் எழுதிய இரண்டு கட்டுரைகள் போட்டுத் தந்தன. 1998இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது, வேதியியலுக்கு. அணுக்களை அசையவிட்டு இந்தக் கணக்கைச் செய்யும் கார்–பாரினெல்லோ முறை 1985இல் ட்ரியஸ்டேயில்தான் பிறந்தது. நான் பயன்படுத்தும் 'குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ' என்ற மென்பொருளும் அந்த ஊரில் வளர்ந்ததுதான். காப்பிக்கொட்டை வந்திறங்கும் துறைமுகம் அது, அதனால் பெயர் பொருத்தம். அந்த மென்பொருளுக்குக் காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். விலைக்கு விற்கும் மென்பொருளை வாங்க வழியில்லாத எங்களைப் போன்ற எத்தனையோ துறைகள் அதை நம்பித்தான் ஆராய்ச்சி செய்கின்றன.

திடப்பொருளுக்குள் அணுக்கள் சும்மா இருப்பதில்லை. ஒன்றோடொன்று ஸ்பிரிங்கால் கட்டியதுபோல அதிர்ந்துகொண்டே இருக்கும். அந்த அதிர்வெண்களைக் கணக்கிட்டால் நேர் எண்கள் வர வேண்டும். கழித்தல் குறியோடு வந்தால், நாம் அடுக்கிய அமைப்பு நிற்காது, சரிந்து வேறொன்றாக மாறிவிடும் என்று பொருள். எனக்கு எட்டு மாதமாக மூன்று எண்கள் கழித்தல் குறியோடு வந்துகொண்டிருந்தன. ஆய்வகத்தில் ஒரே ஒரு கணினி. ஒரு கணக்கு ஓடி முடிக்க ஐந்தாறு நாளாகும், நடுவில் மின்சாரம் போனால் திரும்ப முதலிலிருந்து. எட்டு மாதம் கழித்து, இந்தச் சேர்மமே நிலையற்றது என்று போஸ்டரில் எழுதிவிட்டேன்.

போஸ்டர் நேரம் இரண்டு மணி நேரம். பலகையில் ஊசியால் குத்திவிட்டுப் பக்கத்தில் நிற்க வேண்டும். வருகிறவர்கள் நடந்துகொண்டே தலைப்பைப் படிப்பார்கள், முகத்தைப் பார்த்துப் புன்னகைத்துவிட்டு அடுத்த பலகைக்குப் போவார்கள். முதல் ஒரு மணி நேரத்தில் என்னிடம் நின்றவர்கள் மூன்று பேர். ஆங்கிலம் தடுமாறுமோ என்ற பயம் அதற்குள் போய்விட்டிருந்தது, ஏனென்றால் அங்கே இருந்தவர்களில் பாதிப் பேருக்கு அது கடன் வாங்கிய மொழிதான். நான்காவதாக ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி வந்தார். ஒன்றும் பேசாமல் முழுவதும் படித்தார். பிறகு அந்த மூன்று எண்களின் மேல் விரலை வைத்து, இவை எந்த அதிர்வுகள் என்று கேட்டார். சொன்னேன். அவர் சொன்னதன் சாரம் இது. அந்த மூன்றும் படிகம் மொத்தமும் ஒருசேர நகர்வதைக் குறிப்பவை. அப்படி நகர்ந்தால் எந்த ஸ்பிரிங்கும் இழுபடாது, ஆகவே அவை பூஜ்யமாக இருந்தாக வேண்டும். கணக்கு போதிய நுட்பமாக இல்லாததால் பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே இறங்கிவிட்டன. கணக்கிடும் புள்ளிகளை நெருக்கு, பிழை வரம்பை இறுக்கு, கடைசியில் மூன்றையும் பூஜ்யத்தில் நிறுத்தும் விதியைப் போடு. உன் சேர்மத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

நான்கு நிமிடம் ஆகியிருக்கும். உள்ளீட்டுக் கோப்பில் எந்த வரியில் என்ன எண் போட வேண்டும் என்பதைக் கருத்தரங்குக் கையேட்டின் பின்னட்டையில் எழுதியும் கொடுத்தார்.

பெரிய ஆய்வகங்களில் இதை முதல் மாதத்திலேயே மூத்த மாணவர் ஒருவர் சொல்லிக்கொடுத்துவிடுவார். அதனாலேயே ஆய்வுக் கட்டுரைகளில் யாரும் இதை விரித்து எழுதுவதில்லை. அதிரசம் செய்ய அரிசி எவ்வளவு, வெல்லம் எவ்வளவு என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். பாகு எந்தப் பதத்தில் இறக்குவது என்பதை அம்மா பக்கத்தில் நின்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். அறிவியலிலும் இந்தக் கைப்பக்குவம் இருக்கிறது, அது ஆளிடமிருந்து ஆளுக்குத்தான் போகிறது. மின்னஞ்சலில் கேட்டிருக்கலாமே என்று பின்னால் ஒருவர் சொன்னார். சிக்கல் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே கேட்க முடியும்? சிக்கலே இல்லை, முடிவு கிடைத்துவிட்டது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். 2020க்குப் பிறகு இணையவழிக் கருத்தரங்குகள் பெருகின, என் மாணவர்களுக்கு அவற்றால் நன்மைதான். சொற்பொழிவைத் திரையில் கேட்கலாம். போகிற போக்கில் நின்று விரல் வைத்துக் காட்டும் ஆள் திரையில் வருவதில்லை.

விமானப் புகையால் பூமி சூடாகிறது, ஆகவே ஆராய்ச்சியாளர்கள் பயணங்களைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு இப்போது வலுத்திருக்கிறது. நியாயமான பேச்சு. ஆண்டுக்குப் பத்து முறை பறக்கிறவரிடமிருந்து அந்தக் குறைப்பு தொடங்கட்டும். வாழ்நாளில் முதல்முறையாக ஏறப்போகிறவளிடமிருந்து தொடங்க வேண்டாம்.

பில்ஸ்னா

ஒரு நாள் பிற்பகல் ஓய்வு விட்டார்கள். நகருக்குள் போனேன். அன்று போரா வீசியது. மலையிலிருந்து கடலை நோக்கிப் பாய்ந்து இறங்கும் வடகிழக்குக் காற்று அது. மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டும். பழைய நாளில் மக்கள் பிடித்துக்கொண்டு நடக்கத் தெருவோரம் கயிறு கட்டுவார்களாம். கந்தக பூமியில் வளர்ந்த எனக்கு, சீனியர் அக்கா ஒருவர் கொடுத்தனுப்பிய கோட்டுதான் துணை. கடலைப் பார்த்துத் திறந்து கிடக்கும் பெரிய சதுக்கம் ஒன்று இருக்கிறது. அதன் ஓரத்தில் லாய்டு ட்ரியஸ்டினோ கப்பல் கம்பெனியின் பழைய தலைமையகம். இப்போது அது பிராந்திய அரசின் அலுவலகம்.

அந்தக் கம்பெனியின் 'பில்ஸ்னா' என்ற கப்பலில்தான் 1930 ஜூலை 31 அன்று பம்பாயிலிருந்து சுப்பிரமணியன் சந்திரசேகர் ஏறினார். வயது 19. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். அம்மா சீதாலட்சுமி அப்போது கடும் நோயில் இருந்தார். போக வேண்டாம் என்று உறவினர்கள் சொன்னபோது, போ என்று சொன்னது அந்த அம்மாதான். மறு ஆண்டு அவர் இறந்தபோது மகன் கேம்பிரிட்ஜில் இருந்தார். வெனிஸ் வரைக்குமான அந்தக் கப்பல் நாட்களில்தான், வெண்குறுமீன் எனப்படும் எரிந்து முடிந்த நட்சத்திரத்தின் எடைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்று சந்திரசேகர் கணக்கிட்டார். சூரியனைப் போல ஏறத்தாழ 1.4 மடங்கு என்று இன்று சொல்கிறோம். 1983இல் நோபல் பரிசு பெற்றார்.

இந்தக் கதையில் பலரும் கப்பலைத்தான் சொல்வார்கள். எனக்கு அதற்கு இரண்டு ஆண்டு முந்தைய ஒரு நாள் முக்கியமாகப் படுகிறது. 1928இல் ஜெர்மன் இயற்பியலாளர் ஆர்னால்டு சொம்மர்ஃபெல்டு சென்னைக்கு வந்தார். அவர் எழுதிய அணுவியல் புத்தகத்தைக் கரைத்துக் குடித்திருந்த மாணவர் சந்திரசேகர் விடுதிக்கே போய் அவரைப் பார்த்தார். அந்தப் புத்தகத்திலுள்ள இயற்பியல் பழசாகிவிட்டது, எல்லாம் மாறிவிட்டது என்று சொம்மர்ஃபெல்டு சொன்னார். சொல்லிவிட்டு, இன்னும் வெளிவராத தம் புதிய கட்டுரையின் மெய்ப்பைக் கையில் கொடுத்தார். எலெக்ட்ரான்கள் கூட்டமாக எப்படி நடந்துகொள்கின்றன என்ற புதிய புள்ளியியல் அதில் இருந்தது. கப்பலில் போட்ட கணக்குக்கு அடிப்படை அதுதான். ஒரு விடுதி அறையில் நடந்த அந்தச் சிறு சந்திப்பு இல்லையென்றால் பில்ஸ்னாவில் கணக்கிட அவரிடம் என்ன இருந்திருக்கும்?

நேருக்கு நேர் நிற்பதில் வலியும் உண்டு. 1935 ஜனவரி 11 அன்று லண்டனில் அரச வானியல் கழகக் கூட்டத்தில் சந்திரசேகர் தம் முடிவை வாசித்து அமர்ந்ததும், அடுத்து எழுந்த வானியலாளர் ஆர்தர் எடிங்டன் எல்லார் முன்னிலையிலும் அதை எள்ளி நகையாடினார். சபையில் சிரிப்பு எழுந்தது. சந்திரசேகர் சொன்னதுதான் சரி என்று பின்னால் நிலைபெற்றது. என் மாணவர்கள் கேள்வி நேரத்தை நினைத்து நடுங்கும்போது இதைச் சொல்கிறேன்.

ஒன்பது மாதம்

ஊர் திரும்பி, கணக்கைத் திரும்ப ஓட்டினேன். கழித்தல் குறிகள் போய்விட்டன. ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தை முழுவதுமாக மாற்றி எழுதினேன். பிப்ரவரி முதல் வாரம் ரசீதுகளை அனுப்பினேன். ஒரு போர்டிங் பாஸ் மங்கிவிட்டது, மறுபடி நகல் கேட்டார்கள். பயணச் சான்றிதழில் முத்திரை தெளிவில்லை என்றார்கள். தொகை செப்டம்பரில் வந்தது. டிசம்பரில் வைத்த சங்கிலியை ஒன்பது மாதம் கழித்து மீட்டோம். வட்டி 7,290 ரூபாய். டிக்கெட், விசா, காப்பீடு எல்லாவற்றுக்கும் அந்தப் படிவத்தில் ஒரு வரி இருந்தது. வட்டிக்கு வரி இல்லை.

மத்திய அரசு ஊழியர் குடும்பத்தோடு சுற்றுலா போக எல்.டி.சி. என்ற சலுகை இருக்கிறது. அதில் கட்டணத்தில் 90 சதவீதம் வரை முன்பணமாக வாங்கிக்கொள்ளலாம். முன்பணம் கொடுப்பதும், பிறகு ரசீது பார்த்து நேர்செய்வதும் நம் அலுவலகங்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலைதான். நிரந்தரச் சம்பளம் வாங்குகிறவர் சுற்றுலா போக இது சாத்தியம் என்றால், ஏழு மாதமாக உதவித்தொகை வராத மாணவி ஆய்வை வாசிக்கப் போக ஏன் சாத்தியமில்லை? இன்று தேசிய அளவிலான இளநிலை ஆராய்ச்சி உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். மத்தியப் பல்கலைக்கழகங்களில் அதற்கான தேசியத் தேர்வில் தேறாமல் ஆய்வு செய்கிறவர்களுக்கு 8,000 ரூபாய்தான். ஐரோப்பாவுக்கு ஒரு டிக்கெட் என்பது பின்னவருக்கு அரை ஆண்டுக்கு மேலான வருமானம். போன பின் தருகிறோம் என்ற விதி, வீட்டில் யாரிடமோ ஒரு லட்சம் ரூபாய் சும்மா இருக்கிறது என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டது. இல்லாதவர்கள் விண்ணப்பிப்பதே இல்லை. நிராகரிப்புப் பட்டியலில்கூட அவர்கள் பெயர் வராது.

அந்த இடைவெளியில் வேறொரு கூட்டம் நுழைகிறது. தினமும் மாணவர்களுக்கு மின்னஞ்சல் வருகிறது. உங்கள் மகத்தான ஆய்வைக் கண்டு வியந்தோம், பாங்காக்குக்கோ துபாய்க்கோ வந்து உரையாற்றுங்கள், பதிவுக் கட்டணத்தை மட்டும் இன்றே செலுத்துங்கள் என்று. இவை காசுக்காக நடத்தும் கருத்தரங்குகள். ஒரே மண்டபத்தில் வேதியியலும் வணிகவியலும் பல் மருத்துவமும் ஒன்றாக நடக்கும், யாரும் யாருடைய பேச்சையும் கேட்க மாட்டார்கள். நல்ல கருத்தரங்கு எது என்று கைடைத் தவிர இன்னும் இரண்டு பேரிடமாவது கேட்காமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள்.

இப்போது நான் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். எங்கள் துறையில் ஐந்து ஆசிரியர்கள். 2022இலிருந்து மாதம் ஆளுக்கு ஆயிரம் ரூபாய் ஒரு கணக்கில் போட்டுவருகிறோம். ஆண்டுக்கு 60,000 சேரும். முதல்முறை வெளிநாடு போகும் ஆராய்ச்சி மாணவருக்கு டிக்கெட் காசை முன்னாலேயே அதிலிருந்து கொடுக்கிறோம். நிதியமைப்பின் தொகை வந்ததும் அது திரும்பிவிடும், அடுத்தவருக்குப் போகும். இதுவரை மூன்று பேர் போயிருக்கிறார்கள். பெரிய காரியம் என்று சொல்லவில்லை. ஐந்து ஆசிரியர்களால் முடிந்ததை ஒரு பல்கலைக்கழகத்தால் நாளைக்கே செய்ய முடியும் என்று சொல்கிறேன்.

முதலில் போனவள் தென்காசிப் பக்கத்துப் பெண். அப்பா கட்டட வேலை. பதினொரு மாதம் கழித்து அவளுக்குத் தொகை வந்தது. வந்த அன்றே வங்கியில் எடுத்து, கவரில் போட்டு, துறைக்குக் கொண்டுவந்தாள். எண்ணிப் பாருங்க மேடம் என்றாள். எண்ணினேன், சரியாக இருந்தது. அவள் போகவில்லை. கைப்பையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு தயங்கிக் கேட்டாள்:

"வட்டி எவ்வளவு மேடம்?"